இரவல் பட்டம்

சென்ற மாதம் எங்களூர் வாசகசாலையில் நிகழ்ந்த ஓர் உரையாடல் இன்னும் என் நெஞ்சை உறுத்துகிறது. கற்றறிந்த இளைஞர் ஒருவர், "அஹிம்சை அடுத்த வீட்டுச் சரக்கு, ஹஜ்ரத், நமக்கு ஒத்துவராது" என்றார். அருகிருந்த முதியவர் அவரை மறுப்பதாக எண்ணிச் சுவரிலிருந்த படத்தைக் காட்டி, "ஏன், நம் எல்லைக் காந்தி இல்லையா?" என்றார். இளைஞர் கூற்றினும் பெரியவர் கூற்றே எனக்கு மிகுதியும் வலித்தது. கடன் வாங்கிய பொருளைக் காட்டி மானம் காப்பது போலன்றோ இருந்தது அவ்விடை!

அப்துல் கஃப்பார் கான் 1890-இல் பெஷாவருக்கு அருகிலுள்ள உத்மன்ஸையிற் பிறந்தவர். 1910-இல், காந்தியடிகள் தென்னாப்பிரிக்காவில் இருந்த நாளிலேயே, தம் ஊரில் பட்டாணியப் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் திறந்தார். வெள்ளையர் அதனை வெறுத்தது வியப்பன்று. முல்லாக்களும் வெறுத்தனர். மத்ரஸாவில் ஓதிய நான் இதனை வெட்கத்துடனேயே எழுதுகிறேன்.

அவர் எதிர்த்தது வெள்ளையனை மட்டுமா? 1901-ஆம் ஆண்டின் எல்லைப்புறக் குற்றச் சட்டம், ஒருவன் செய்த பிழைக்கு அவன் குலம் முழுவதையும் தண்டிக்க இடந்தந்தது. பெரிய நிலக்கிழார்களாகிய கான்கள் பலர் ஆட்சியாளரின் நிழலிற் கொழுத்தனர். ஏழைப் பட்டாணியனோ பழிக்குப் பழி என்று தன் குடும்பத்தையே அழித்துக்கொண்டிருந்தான். 1929-இல் தோன்றிய குதாயீ கித்மத்கார் என்னும் இறைத்தொண்டர் படையிற் சேர்வோர், பழி வாங்குவதில்லை, கை ஓங்குவதில்லை, நாள்தோறும் இரண்டு மணி நேரமேனும் சமூகப் பணி செய்வது என்று இறைவன் பெயரால் உறுதி பூண்டனர். வெள்ளாடை விரைவில் அழுக்கேறியதால் செங்கல் நிறச் சாயந் தோய்த்து உடுத்தினர். அச்சட்டையைக் கண்டு போல்ஷ்விக்குகள் என்று கதை கட்டினான் வெள்ளையன்!

1930 ஏப்ரல் 23 அன்று பெஷாவரின் கிஸ்ஸா கானி கடைத்தெருவில் ஆயுதமின்றி நின்ற மக்கள்மீது துப்பாக்கிகள் முழங்கின. சந்திர சிங் என்பார் தலைமையில் கார்வால் படையின் ஹிந்து வீரர்கள் சுட மறுத்துச் சிறையேகினர். வீட்டுக்கு வீடு துப்பாக்கி வைத்திருந்த இனம், அதனை வீட்டிலேயே வைத்துவிட்டு வந்து மார்பு காட்டியது. இதனையா கோழைத்தனம் என்பது?

'ஸப்ர்' என்னும் சொல்லைப் பொறுமை என்று பெயர்த்துவிட்டு அமர்ந்துவிடுகிறோம். அரபு அகராதிகளைப் புரட்டினால் தடுத்து நிறுத்தல், கட்டி வைத்தல் என்பதே அதன் அடிப்படைப் பொருள். ஓடும் குதிரையைத்தான் கட்டவேண்டும். நொண்டிக் குதிரைக்குக் கயிறு எதற்கு? மக்கத்து வாழ்வில் பெருமானார் (ஸல்) அவர்கள் கைக்கொண்ட வழி இது, நாம் மறந்துபோனோம், காந்தியடிகள் நினைவூட்டினார் – கஃப்பார் கான் கூறிய கணக்கு இதுதான். நினைவூட்டியவருக்கு நன்றி உண்டு. பொருள் யாருடையது என்பதில் அவருக்கு ஐயமில்லை.

1940-இல் காங்கிரஸ் காரியக் கமிட்டி உலகப் போரில் நிபந்தனையுடன் ஒத்துழைக்க முன்வந்தபோது, அஹிம்சையின் பெயரால் அதனின்று விலகியவர் இவர். அடிகளின் பெருஞ்சீடர் பலர் வளைந்த இடத்தில் வளையாதவரை நிழல் என்பது எங்ஙனம்?

நம்மவர் பேசத் தயங்கும் செய்தியும் ஒன்றுண்டு. 1948 ஆகஸ்ட் 12 அன்று சார்சத்தாவுக்கு அருகே பாப்ராவில் அவருடைய தொண்டர்களைச் சுட்டது வெள்ளையனல்லன். பாகிஸ்தானின் முஸ்லிம் ஆட்சி. அவ்வாட்சியும் அவரைப் பல்லாண்டு சிறையிலிட்டது. அவர் 1988 ஜனவரி 20 அன்று பெஷாவரில் கண்மூடினார். குலத்தையே தண்டிக்கும் அச்சட்டமோ அங்குள்ள பழங்குடிப் பகுதிகளில் 2018 வரை உயிரோடிருந்தது.

வாசகசாலைப் படத்தின் கீழ் 'எல்லைக் காந்தி' என்று மட்டுமே எழுதியிருக்கிறது. அதனை மாற்றி அவருடைய பெற்றோர் இட்ட பெயரை எழுதுமாறு செயலாளருக்கு மனுக் கொடுத்திருக்கிறேன்.