தருமருக்கு எவ்வளவு கூலி?

அமெரிக்க நகைச்சுவைத் தொடரான ‘ஃபிரெண்ட்ஸ்’ 2004இல் முடிந்தபோது, அதன் ஆறு முதன்மை நடிகர்களும் ஓர் அத்தியாயத்துக்கு ஆளுக்கு 10 இலட்சம் டொலர் பெற்றார்கள். பாத்திரங்களோ, கோப்பிக்கடையில் பரிமாறியவள், வாய்ப்புத் தேடி அலைந்த நடிகன் போன்றோர். மட்டக்களப்பு வாவிக்கரைக் கூத்துக் களரியில் நிலைமை தலைகீழ். வடமோடிக் கூத்தில் கிரீடமும் கரப்புடுப்புமாக ஆடும் தருமர் விடிந்தால் வயலுக்கோ தோணிக்கோ போகவேண்டும். உடுப்புச் செலவும் பெரும்பாலும் அவர் தலையில்தான்.

சந்தையின் அளவு வேறு என்பது உண்மை. ஆனால் அந்த அறுவரும் தனித்தனியே பேரம் பேசவில்லை, சேர்ந்தே நின்றார்கள்; மறு ஒளிபரப்பு வருமானத்திலும் பங்கு கேட்டு வாங்கினார்கள். கூத்தில் காசு புகுந்தால் கெட்டுவிடும் என்பார்கள் சிலர். கோயில் முன்றிலில் ஊர் தனக்காக ஆடும்போது அந்தப் பேச்சுக்கு இடமுண்டு. (அங்கும் கூத்துப் பழக்கும் அண்ணாவியாருக்குச் சன்மானம் கொடுப்பது வழக்கம்தான், அதனால் எந்தக் கூத்தும் கெடவில்லை.) 1960களில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் மேடையேற்றிய பின் கூத்துக்கு வெளியூர்ப் பார்வையாளரும் உண்டு. அரச விழாவும் தொலைக்காட்சியும் அழைத்து ஆடவைத்துப் பதிவுசெய்தால், பயணச் செலவும் சோற்றுப் பொதியும் கூலியாகாது. ஆட்டக்கூலியும் மறு ஒளிபரப்புப் பங்கும் எழுத்தில் வேண்டும். அது அண்ணாவியாரோடு நிற்காமல் மத்தளக்காரர், பிற்பாட்டுக்காரர் வரை போகவேண்டும்.