வைத்தியக் கல்லூரிப் பிரவேசமும் உதவிப் பணமும்

நம் பழைய மாணவருட் சிலர் அமெரிக்காவிலே குடியேறி வாழ்கின்றனர். அன்னாரின் பிள்ளைகள் அங்கு வைத்தியங் கற்க விண்ணப்பிக்குங்கால் எழும் ஓர் இடர்ப்பாட்டைக் குறித்து ஈண்டுச் சில கூற விழைகின்றோம்.

நம் நாட்டில் இவ்விடர் இல்லை. மாணவன் தான் விரும்பும் பீடங்களை வரிசைப்படுத்தி எழுதுகின்றான். பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு அவனுக்கு ஓரிடத்தையே வழங்குகின்றது. அரசாங்க வைத்திய பீடங்களிலே கற்பித்தற் கட்டணமும் இல்லை. (இம்முறையின் நீதி அநீதி வேறொரு கட்டுரைக்குரியது.)

அமெரிக்காவிலோ ஒவ்வொரு கல்லூரியும் தனித்தனியே மாணவரைத் தெரிகின்றது. ஆதலின் கெட்டிக்காரன் ஒருவன் மூன்று நான்கு கல்லூரிகளில் இடம்பெறுதல் கூடும். அத்தகையோர் ஏப்பிரல் 30ஆந் திகதிக்குள் ஒன்றைத் தெரிந்து ஏனையவற்றைக் கைவிடல் வேண்டுமென்பது அமெரிக்க வைத்தியக் கல்லூரிகள் சங்கத்தின் நெறி. நெறி நல்லதே, ஒருவன் பற்றி வைத்திருக்கும் இடத்தை எதிர்நோக்கி மற்றொருவன் காத்திருப்போர் பட்டியலில் ஏங்கியிருக்கின்றான். ஆயின், உதவிப் பணம் எவ்வளவென அறிவிக்குங் கடிதம் சில கல்லூரிகளிலிருந்து அத்திகதியை அண்டியே வருகின்றது. விலை கூறாது பொருளைத் தெரிந்துகொள் என்னும் வழக்கம் எந்தச் சந்தையில் உண்டு? குறை மாணவனுடையதன்று, கல்லூரிகளுடையதே.

தொகையும் சிறிதன்று. கடன்பட்டுக் கற்று வெளியேறுவோரின் இடைநிலைக் கடன் ஏறத்தாழ 2 இலட்சம் டொலர். மறுபுறம், நியூயோர்க் பல்கலைக்கழக வைத்தியக் கல்லூரி 2018இல் கற்பித்தற் கட்டணத்தை நீக்கிற்று. 2024இல் ரூத் கொட்டெஸ்மன் அம்மையார் 100 கோடி டொலர் ஈந்தமையால் அல்பேர்ட் ஐன்ஸ்டைன் வைத்தியக் கல்லூரியும் அவ்வாறே செய்தது. மேலும், 2025இல் இயற்றப்பட்ட சட்டம் 2026 யூலை முதற் புதிதாகச் சேருவோர் மத்திய அரசிடம் பெறுங் கடனை ஆண்டுக்கு 50,000 டொலர், மொத்தம் 2 இலட்சம் டொலர் என வரையறுத்துள்ளது. மிகுதிக்குத் தனியார் வங்கியின் வாயிலிலே நிற்றல் வேண்டும்.

ஆகவே, கடிதம் வருமுன் பெயரை மாத்திரம் நோக்கிக் கல்லூரியைத் தெரிவதை நாம் ஒப்போம். நம்மவர்க்குப் பெயர்மோகம் சற்று அதிகம். ஆராய்ச்சியை நாடுவோனுக்குப் பெயர் உதவலாம். குடும்ப வைத்தியனாக விரும்புவோன் அதன்பொருட்டு இருபது ஆண்டு வட்டி கட்டுதல் எற்றுக்கு? அங்கீகாரம் பெற்ற கல்லூரி எதுவாயினும் அனுமதிப் பத்திரத்துக்கான பரீட்சை ஒன்றே.

பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. மாணவன் பராயமடைந்தவனாயினும், கல்லூரிகள் பல தம் சொந்த நிதியிலிருந்து உதவுமுன் தாய் தந்தையரின் வருமான விபரங்களையுங் கேட்கின்றன. வருமானத்தைப் பிறர்க்குக் காட்டக் கூசுதல் நம்மவர் இயல்பு. அக்கூச்சத்தாற் படிவம் பிந்தினால் கடிதமும் பிந்தும், இழப்பு பிள்ளைக்கே.

கடிதம் வந்ததும் நன்கொடையையுங் கடனையும் வேறு பிரித்தெழுதிப் பார்த்தல் வேண்டும். இரண்டையும் 'உதவி' என்னும் ஒரே தலைப்பில் அடக்குவர். எவ்வாற்றானுஞ் சேரப்போவதில்லையென்று தெளிந்த இடத்தை அன்றே விட்டுவிடுக. பணமே முடிவு செய்யவேண்டிய இரண்டிடங்களைக் கடிதம் வருமளவும் வைத்திருத்தல் பேராசையன்று. திகதி நெருங்கியுங் கடிதம் வராவிடின், அக்கல்லூரிக்கு நிலைமையை எழுதிச் சின்னாட் தவணை கேட்கலாம். அதனைத் தந்தை எழுதாது மாணவனே எழுதுதல் நன்று.