தஞ்சையில் சிவன், அண்ணாமலையில் பெண்

சகோதரிகளே, அடுத்த முறை திருவண்ணாமலை போனால் கிழக்கு ராஜகோபுர வாசலில் இரண்டு நிமிஷம் நில்லுங்கள். 217 அடி உயரத்தை அண்ணாந்து பார்த்துக் கன்னத்தில் போட்டுக் கொள்கிறோம். வாசலின் பக்கச் சுவர்களைப் பார்ப்பதேயில்லை. அங்கே ஒன்றன்மேல் ஒன்றாகச் சின்னஞ்சிறு நடனச் சிற்பங்கள். பரத முனிவர் சொன்ன கரணங்கள் அவை.

தஞ்சைப் பெரிய கோயிலிலும் கரணங்கள் உண்டு. 1010-ல் ராஜராஜன் முடித்த கோயில். கருவறைக்கு மேல்தளத்தில், எல்லோரும் போக முடியாத இடத்தில், நாலு கைச் சிவபெருமான் ஆடுகிறார். 108-ல் 81 தான் செதுக்கினார்கள். மிச்சக் கற்கள் வெறுமையாகவே நிற்கின்றன.

ஐந்நூறு வருஷம் கழித்துக் கிருஷ்ணதேவராயர் தொடங்கி, செவ்வப்ப நாயக்கர் முடித்த அண்ணாமலைக் கோபுரத்தில் ஆடுவது யார் தெரியுமோ? நம்மைப்போல் இரண்டே கை உள்ள பெண்! சிதம்பரத்துக் கோபுர வாசல்களில் அவள் முன்பே ஆடத் தொடங்கிவிட்டாள்.

முன்னவர் கலையைப் பின்னவர் எடுத்துக்கொள்வது எங்கும் உண்டு. கிரேக்கர் வெண்கலத்தில் வார்த்ததை ரோமர் சலவைக்கல்லில் நகல் எடுத்தார்கள்; கால் தாங்காதே என்று பக்கத்தில் ஒரு மரத்தண்டையும் செதுக்கி வைத்தார்கள். நம் சிற்பி செய்தது நகல் அல்ல. வேலைப்பாட்டில் சோழர் கைதான் உயர்த்தி; தஞ்சைச் சிவனின் உடம்பில் அப்படியொரு திரட்சி. ஆனால் ஆண்டவன் ஆட்டத்தைப் பெண்ணுக்குக் கொடுத்து, எல்லோரும் நடக்கும் வாசலில் நிறுத்தியிருக்கிறார்களே, எனக்கு இவளைத்தான் பிடிக்கிறது.

காலையில் போங்கள். பௌர்ணமியன்று வேண்டாம், நிற்க விடமாட்டார்கள், பின்னாலிருந்து தள்ளிக்கொண்டே போய்விடுவார்கள்.