வென்றவர்கள் பெயரைச் சொல்லுங்கள்
2025 ஜனவரியில் ரஞ்சிக் கோப்பையின் பெரிய அதிர்ச்சி மும்பையில் நடந்தது. 42 முறை கோப்பை வென்ற மும்பையை, அதன் சொந்த ஊரிலேயே ஜம்மு காஷ்மீர் ஐந்து விக்கெட் வித்தியாசத்தில் சாய்த்தது. தோற்ற அணியில் ரோஹித் சர்மா, ரஹானே, ஜெய்ஸ்வால், ஸ்ரேயஸ் ஐயர் எல்லாரும் இருந்தார்கள். முதல் இன்னிங்ஸில் ரோஹித்தையும் ரஹானேயையும் வெளியேற்றியவர் வேகப்பந்து வீச்சாளர் உமர் நசீர். ஆனால் தொலைக்காட்சி விவாதங்களில் அதிகம் அலசப்பட்டது ரோஹித் எடுத்த 3 ரன்தான். அடுத்த வாரம் டெல்லியில் கோலி 6 ரன்னில் போல்டானதும் கூட்டம் எழுந்து போனது. ரசிகனை அப்படிப் பழக்கியதில் ஊடகங்களுக்குப் பெரிய பங்கு உண்டு. நட்சத்திரங்கள் மீதும் எனக்குக் கோபம்தான். கோலி ரஞ்சி ஆட 2012-க்குப் பிறகு அப்போதுதான் வந்தார். அதுவும் ஆஸ்திரேலியாவில் 1-3 என்று தொடரை இழந்து, உள்ளூர்ப் போட்டி கட்டாயம் என்று வாரியம் சொன்ன பிறகு! ஓய்வில்லாத அட்டவணை என்பார்கள், உண்மைதான். ஆனாலும் அதே அட்டவணையில் ஐபிஎல்லுக்கு மட்டும் இரண்டு மாதம் கிடைத்துவிடுகிறதே. விளையாட்டுச் செய்தி ஆசிரியர்களே, அடுத்த முறை தலைப்பை வென்ற அணிக்குக் கொடுங்கள்.