காஸ்ஃபோர்ட் பார்க்: மெதுவாகப் போனால் என்ன?

"ஒரு மணி நேரம் ஆச்சு, இன்னும் கொலையே நடக்கலை. இது மர்டர் மிஸ்டரியாடா?" என்று பாதியில் எழுந்து போய்விட்டான் நண்பன். என்னைக் கேட்டால், 2001-ல் ராபர்ட் ஆல்ட்மன் எடுத்த இந்தப் படத்தின் உயிரே அந்த ஒரு மணி நேரம்தான்.

1932 நவம்பர், இங்கிலாந்தில் ஒரு மாளிகை. மேலே பறவை வேட்டைக்கு வந்த சீமான்கள், கீழே பணியாட்கள். எஜமானர்கள் பேசுவதை நாம் கேட்பதெல்லாம் பக்கத்தில் ஒரு வேலையாள் நிற்கும்போதுதான். விருந்தாளிகளோடு வந்த பணியாட்களுக்குக் கீழே சொந்தப் பெயரும் கிடையாது. எஜமானர் பெயரால்தான் கூப்பிடுகிறார்கள். சாப்பாட்டு மேஜையில் உட்காரும் வரிசைகூட எஜமானரின் அந்தஸ்தைப் பொறுத்துத்தான்!

கும்மிடிப்பூண்டி சிப்காட் பக்கம் வளர்ந்த எனக்கு இது சீமைக் கதையாகத் தெரியவில்லை. லீவில் ஒரு கம்பெனிக்கு ட்ரெய்னிங் போனேன். அங்கே ஒப்பந்தத் தொழிலாளிகளை காண்ட்ராக்டர் பெயரைச் சொல்லி 'அவரோட ஆளு' என்பார்கள். ஒரு மாதம் பக்கத்தில் நின்று வேலை கற்றுக்கொடுத்த ஒடிசாக்காரரின் பெயரை நானும் கேட்கவில்லை.

படத்தில் கொலையாவதும் ஒரு ஆலை முதலாளிதான். விசாரிக்க வரும் இன்ஸ்பெக்டர் (ஸ்டீபன் ஃப்ரை) வேலைக்காரர்களைக் கண்டுகொள்வதே இல்லை. உண்மையைக் கண்டுபிடிப்பது மேரி என்ற சின்ன வயதுப் பணிப்பெண். அந்த முதல் ஒரு மணி நேரத்தை வெட்டியிருந்தால் நாமும் அந்த இன்ஸ்பெக்டர் மாதிரிதான் உட்கார்ந்திருப்போம்.

கொலையாளி யாரென்று சொல்லமாட்டேன். சப்டைட்டிலோடு பாருங்கள், ஒரே நேரத்தில் நாலு பேர் பேசுவார்கள்.