காங்கயத்துக்கு ஒரு ரயில்

டி-சர்ட்டில் தடவிப் பார்த்தால் வெல்வெட்டாக எழுந்து நிற்குமே, அந்த ஃப்ளாக் பிரிண்டிங் திருப்பூர்க்காரர்களுக்குப் புதிதல்ல. துணியில் ஸ்கிரீன் வைத்துப் பசை இழுப்பார்கள். பொடியாக நறுக்கிய நைலான் அல்லது ரேயான் இழையை, உயர் மின்னழுத்தம் ஏற்றி அதன்மேல் உதிர்ப்பார்கள். மின்னூட்டம் ஏறிய இழை படுக்காது. செங்குத்தாகப் பசையில் இறங்கி நிற்கும்.

உலகம் முழுக்க மாதிரி ரயில் கட்டுகிறவர்கள் புல் வளர்ப்பதும் இதே வித்தையால்தான். துணிக்குப் பதில் பிளைவுட், ஸ்கிரீனுக்குப் பதில் பிரஷ். ஈரப் பசையில் ஓர் ஆணியைக் குத்தி ஒரு வயரை மாட்டுவார்கள். இன்னொரு வயர் போன சல்லடையை மேலே ஆட்டுவார்கள். இதற்கான இழையை நம் நாட்டுக்காரர்கள் சின்னச் சின்னப் பாக்கெட்டாக வெளிநாட்டிலிருந்து வரவழைக்கிறார்கள். திருப்பூர் நெருப்பெரிச்சலில் உட்கார்ந்துகொண்டு அப்படி வரவழைப்பது, ஊத்துக்குளியில் இருந்துகொண்டு டின் வெண்ணெய் வாங்குகிற கதை.

நான் கட்டும் மாதிரி ரயிலுக்கு இழை வேண்டும் என்று தெரிந்த பிரிண்டிங்காரரிடம் கேட்டேன்.

“என்ன கலருங்ண்ணா?”

“காஞ்ச புல்லுக் கலருங்க தம்பி.”

“அப்படி ஒரு ஷேடே இல்லீங்ண்ணா. பிஸ்கட் கலர் கெடக்குது, கொஞ்சம் மஞ்சள் சேர்த்துக் கலக்கித் தரட்டுங்களா?”

கலக்கிக் கொடுத்தார். அந்த நிறத்தில்தான் விஷயமே இருக்கிறது. ஹாம்பர்க்கில் பிரவுன் சகோதரர்கள் 2001-ல் திறந்த மினியேச்சர் வுண்டர்லாண்டில் ஆல்ப்ஸ் மலையே உண்டு. அதைப் பார்த்துவிட்டு இங்கேயும் பலர் பச்சைச் சரிவும் பனிச் சிகரமும் கட்டி, நடுவே நம் நீல நிற ரயில் பெட்டிகளை ஓட்டுகிறார்கள். எனக்கு அது ஒட்டவே மாட்டேன் என்கிறது. நம் பக்கம் வருஷத்தில் முக்கால்வாசி நாள் நிலம் பழுப்புதானே?

என் பலகையில் கொறங்காடு என்கிற மேய்ச்சல் நிலம் வருகிறது. கிளுவை வேலி, அங்கங்கே ஒரு வெள்வேல மரம், ஆடு மாடு மேய்ந்த கொழுக்கட்டைப் புல். ஹெச்.ஓ. என்கிற மாதிரி ரயில் அளவில் எல்லாமே 87-ல் ஒரு பங்கு. பிரிண்டிங் ஃப்ளாக் பெரும்பாலும் ஒரு மில்லிமீட்டருக்குள் இருக்கும். அதை 87-ஆல் பெருக்கினால் ஒன்பது சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் கீழே. ஆடு கடித்துவிட்டுப் போன புல்லின் உயரம் அதுதான். கிளுவைக்கு ஓவர்லாக் மெஷின் அடியில் விழும் நூல் சிம்பு. மரத்துக்குப் பழைய வயரை உரித்த செம்புக் கம்பி முறுக்கு. மண்ணுக்கு அசல் செம்மண்ணையே சலித்துக்கொள்ளலாம். ஆனால் ஒரு காந்தத்தை அதில் இரண்டு தரம் ஓட்டிவிட வேண்டும். இல்லையென்றால் மண்ணிலுள்ள இரும்புத் துகள் இன்ஜின் மோட்டாரில் போய் ஒட்டிக்கொள்ளும்.

தண்டவாளம் இவ்வளவு இணக்கமான ஆள் இல்லை. கடையில் கிடைக்கும் 16.5 மில்லிமீட்டர் பாதை ஐரோப்பாவின் 1435 மில்லிமீட்டர் பாதைக்குக் கணக்கானது. நம் அகலப் பாதை 1676, நியாயமாக 19.3 வேண்டும். இந்தக் குறையை நான் கண்டுகொள்வதில்லை. மூன்று மில்லிமீட்டர் யார் கண்ணிலும் படாது, புல் நிறம் மாறினால் ஊர்க்காரர் யாரானாலும் சொல்லிவிடுவார். கணக்கில் கறாரானவர்கள் 12 மில்லிமீட்டர் பாதை வாங்கி நீலகிரி மலை ரயில் கட்டலாம், மீட்டர் கேஜுக்கு அது ஏறக்குறைய சரி. பன்னிரண்டுக்கு ஒன்று ஏற்றத்தையும் பல்சட்டத்தையும் எப்படிச் சமாளிப்பது என்பது அவர்கள் பாடு.

வளைவுதான் ஆளை அடிக்கிறது. அகலப் பாதையின் மிகக் கூர்மையான பத்து டிகிரி வளைவுக்கே ஆரம் 175 மீட்டர். சுருக்கினாலும் இரண்டு மீட்டர். ஒரு முழுச் சுற்றுக்கு நான்கு மீட்டர் அகல அறை வேண்டும். 24 பெட்டி எக்ஸ்பிரஸ் ஆறரை மீட்டர் நீளும். ஆகவே குறுகலாக வளைத்து, நான்கு பெட்டி பாசஞ்சரோடு நிறுத்திக்கொள்வதுதான் மரியாதை. ஆஸ்பெஸ்டாஸ் கூரை அறை என்றால், சூட்டில் தண்டவாளம் நீளும் என்பதால், இணைப்புகளில் விசிட்டிங் கார்டு நுழையும் இடைவெளியும் விட வேண்டும். முதலில் ஓட்டிப் பார்த்து, அப்புறம்தான் ஜல்லி: 65 மில்லிமீட்டர் ஜல்லி 0.75 ஆகிவிடும் என்பதால் சலித்த எம்-சாண்ட் போதும். ஒரு சொட்டு சோப்புத் திரவம் கலந்த தண்ணீரைத் தெளித்து, பாதிக்குப் பாதி நீர்த்த ஃபெவிகாலை சிரிஞ்சால் விடுவது வழக்கம். ரயில் தடம் மாறும் பாயிண்ட் இருக்கும் இடத்தில் மட்டும் கை நடுங்கக் கூடாது. பசை இறங்கினால் நாக்கு அசையாது.

எந்தப் பாதை என்று கேட்பீர்கள். ஈரோட்டிலிருந்து காங்கயம், தாராபுரம் வழியாகப் பழனிக்கு ரயில் வரும் என்று பல வருஷமாகப் பேச்சு. கொறங்காடு விரிந்து கிடப்பது அந்த வழியில்தான். சர்வே, நிலம் எடுப்பு, நிதி ஒதுக்கீடு எதுவும் என் பலகையில் தடையில்லை. மஞ்சள் பலகையில் கறுப்பு எழுத்தில் ‘காங்கயம்’ எழுதியாகிவிட்டது.

இனி ரயிலை நிறுத்தக்கூடியது ஒன்றுதான்: பஞ்சு. பக்கத்திலுள்ள பவர் டேபிள் தையல் கூடத்திலிருந்து பறந்து வருவது சக்கர அச்சில் சுற்றிக்கொள்கிறது. இடுக்கியும் கையுமாகத்தான் பாசஞ்சரை ஓட்ட வேண்டியிருக்கிறது.