கேட்ட பிறகே பி.டி.டி.

இணையத்தில் வாக்கி டாக்கி விற்பதை ஒழுங்குபடுத்தி மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2025 மே மாதம் கொண்டுவந்த வழிகாட்டு நெறிமுறைகளை இந்த இதழ் மனதார வரவேற்கிறது. அலைவரிசை எது, உரிமம் வேண்டுமா, இ.டி.ஏ. (கருவி வகை ஒப்புதல்) சான்று உண்டா என்பதைச் சொல்லாமல் இனி எந்தத் தளமும் செட்டைப் பட்டியலிடக் கூடாது. 136 முதல் 174 மெகாஹெர்ட்ஸ் வரை, 400 முதல் 520 மெகாஹெர்ட்ஸ் வரை எங்கும் அனுப்பக்கூடிய மலிவு செட்டை வாங்கி, கல்யாண மண்டபத்தில் வண்டி நிறுத்தும் பையனிடம் கொடுப்பதும், அது யாரோ உரிமம் வாங்கி வைத்திருக்கும் சேனலில் போய் விழுவதும் நமக்குப் பழகிப்போன தலைவலி. ஆண்டு தவறாமல் ராயல்டி கட்டும் வாடிக்கையாளர் புகார் சொல்லும்போது பதில் இல்லாமல் நின்றவர்கள், செட் விற்று மாட்டிக்கொடுக்கும் நாம்தான். 13 தளங்களுக்கு நோட்டீஸ் போன பிறகாவது விடிந்ததே.

இதன் விளைவை யோசித்துப் பாருங்கள். உரிமம் இல்லாமல் வாங்குபவர்கள் எல்லோரும் இனி 446.0–446.2 மெகாஹெர்ட்ஸுக்குள் வந்து சேர்வார்கள். 12.5 கிலோஹெர்ட்ஸ் வீதம் பிரித்தால் 16 சேனல். அடுக்குமாடிக் காவலர், கட்டடத் தளம், ஜவுளிக் கடை, பள்ளி விளையாட்டு விழா எல்லாம் அந்தப் பதினாறில். பெட்டியின் மேல் 38 ‘பிரைவசி கோடு’ என்று கொட்டை எழுத்தில் அச்சடித்திருக்கும். வாங்கியவர் அதில் ஒரு டோனை, அதாவது அதே டோனில் வரும் பேச்சுக்கு மட்டும் ஸ்பீக்கரைத் திறக்கும் குறியைப் போட்டுக்கொண்டு, தன் பேச்சை வேறு யாரும் கேட்க முடியாது என்று நம்புவார். டோன் போடாத செட் வைத்திருக்கும் எவரும் அவர் பேசுவதை முழுதாகக் கேட்கலாம். அவருக்குத்தான் மற்றவர் குரல் கேட்காது. ஸ்பீக்கர் அமைதியாக இருப்பதைச் சேனல் காலி என்று எடுத்துக்கொண்டு பி.டி.டி.யை (அழுத்திப் பேசும் பட்டனை) அழுத்துவார். தவறான விளம்பரத்தையும் தடுக்க எழுதப்பட்ட நெறிமுறையில் டோனைப் பற்றி ஒரு வரி இல்லை.

டோனை விலக்கிச் சேனலை முழுதாகக் கேட்க வைக்கும் மானிட்டர் பட்டனைப் பற்றி இந்தப் பக்கத்தில் நாம் எழுதுவது புதிதல்ல. அலுக்காமல் மறுபடியும் எழுதுகிறோம். கையடக்க செட்டில் பி.டி.டி.க்குக் கீழே இருக்கும் அந்தச் சின்ன பட்டனை விற்பவரும் காட்டுவதில்லை, வாங்குபவரும் கேட்பதில்லை. வண்டி செட்டில் நிலைமை இன்னும் மோசம். அதில் நம் கையும் இருக்கிறது. மைக்கைக் கொக்கியிலிருந்து எடுத்ததுமே, வேறு டோனை அடைத்துவைக்கும் டோன் ஸ்கெல்ச் விலகி, சேனலில் யார் இருந்தாலும் கேட்கும்படிதான் அந்த செட்டை வடிவமைத்திருக்கிறார்கள். டிரைவருக்கு எதையும் சொல்லிக்கொடுக்காமலே கேட்க வைக்கும் ஏற்பாடு அது. அதற்குக் கொக்கி எர்த் ஆகியிருக்க வேண்டும். நாம் என்ன செய்கிறோம்? பிளாஸ்டிக் டாஷ்போர்டில் இரண்டு ஸ்க்ரூ போட்டுக் கொக்கியை மாட்டிவிட்டு வந்துவிடுகிறோம். சேசிஸுக்கு ஒரு வயர் இழுப்பதில்லை. மைக் தொங்கிக்கொண்டே இருந்தாலும் கையில் எடுத்ததாகவே செட் நினைக்கிறது. ஊரார் பேச்செல்லாம் ஸ்பீக்கரில் கொட்டுகிறது. ஒரே வாரத்தில் டிரைவர் புகார் சொல்கிறார். சர்வீஸுக்குப் போகிறவர் லேப்டாப்பை எடுத்து, புரோகிராமில் ஹூக் மானிட்டரையே அணைத்துவிட்டு வருகிறார். புகார் தீர்ந்தது. அந்த டிரைவர் அன்றிலிருந்து குருடாகத்தான் அனுப்புகிறார். அரை மீட்டர் வயர் இழுத்திருந்தால் போதும்.

எஃப்.எம்.மில் இரண்டு பேர் ஒன்றாக அழுத்தினால் பெரும்பாலும் வலுவான சிக்னல் மட்டும் கேட்கும். மற்றது அடியோடு அழிந்துபோகும். யார்டில் கிரேனுக்குக் கீழே நிற்பவர் ‘நிறுத்து’ என்று சொல்லும் அதே நொடியில், பக்கத்து நிறுவனத்தின் மேற்பார்வையாளர் வேறு டோனில் டீ சொல்லி அனுப்பினால், கிரேன் ஓட்டுநர் காதில் எதுவுமே விழாமல் போகலாம். அவருடைய செட் வேறு டோனைத் திறக்காது. இரைச்சல்கூட வராது. சொன்னவர், சொல்லிவிட்டோம் என்று நினைத்துக்கொண்டு கீழேயே நிற்பார்.

ஹாம் உரிமம் கேட்பவர் ஏ.எஸ்.ஓ.சி. தேர்வு எழுதுகிறார். விமானிக்கு ஆர்.டி.ஆர். இருக்கிறது. யார்டிலும் பள்ளிப் பேருந்திலும் செட் பிடிப்பவருக்கு ஒரு பக்கத் தாள்கூடக் கிடையாது. அமெரிக்காவில் எஃப்.சி.சி. விதிகளின் 90ஆம் பாகம், அனுப்பும் முன் அலைவரிசையைக் கேட்டுப் பார்ப்பதை உரிமதாரரின் கடமை என்று எழுதியே வைத்திருக்கிறது. இங்கே ஆன்டெனா உயரத்துக்குக் கணக்குக் கேட்கிறார்கள், செட் எண்ணிக்கைக்குக் கணக்குக் கேட்கிறார்கள். பணம் ஒரு நாள் தாமதித்தால் அபராதக் கணக்கும் தவறாமல் வருகிறது. ஒரே அலைவரிசையைப் பல நிறுவனங்களுக்குப் பங்கிட்டுக் கொடுப்பவர்கள், அதில் எப்படிப் பேசவேண்டும் என்று சொல்லும் பொறுப்பை மட்டும் யார் தலையில் கட்டுகிறார்கள்? இதைக் கேட்டு இந்த இதழ் அனுப்பிய கடிதங்களுக்குக் ‘கிடைத்தது’ என்ற பதில்கூட வரவில்லை. விற்கும் தளத்தைப் பிடிக்கத் தெரிந்த அரசுக்கு, விற்ற பிறகு நடப்பது கண்ணில் படாதா?

நெறிமுறையில் இன்னும் இரண்டு வரி சேர்த்தால் போதும். டோன் இருப்பதை ரகசியம் என்று விளம்பரம் செய்யக் கூடாது. 446 மெகாஹெர்ட்ஸ் செட்டுகள், சேனலில் யாராவது பேசும்போது அனுப்பவிடாத பிஸி சேனல் லாக்கவுட் போட்ட நிலையிலேயே விற்பனைக்கு வர வேண்டும். வேறு டோனில் யாராவது சேனலில் பேசும்போதும் தடுக்கும்படி அந்த லாக்கவுட் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் அது பெயரளவில்தான்.

அரசு சேர்க்கும்வரை நாம் காத்திருக்க வேண்டியதில்லை. டி.எம்.ஆர். (டிஜிட்டல்) செட்டை புரோகிராம் செய்யும்போது, எப்போது அனுப்பலாம் என்று செட்டுக்குச் சொல்லும் அட்மிட் கிரைட்டீரியாவை ‘ஆல்வேஸ்’ என்று விட்டுவிட்டு எழுந்து வராதீர்கள். ‘சேனல் ஃப்ரீ’ என்று போடுங்கள். அவசர அழைப்புக்கு மட்டும் விலக்குக் கொடுங்கள். வண்டியில் கொக்கியை மாட்டியதும், மீட்டரை எடுத்து அதற்கும் சேசிஸுக்கும் இடையே கன்டின்யூட்டி பாருங்கள். பிறகு டிரைவரை இருக்கையில் உட்கார வைத்து, மைக்கை அவரே எடுத்து மாட்டச் சொல்லி, ஸ்பீக்கரில் சத்தம் மாறுவதை அவர் காதாலேயே கேட்க வையுங்கள். டெலிவரி சலானில் கையெழுத்து வாங்குவது அதற்குப் பிறகு.